மார்கரின் டப்பா

முதலில் பார்த்தது தடத்தைத்தான்.
மின்சார ரசீதின் குறுக்கே
அவசரமாய் யாரோ கையெழுத்துப் போட்டதுபோல்
வெள்ளியில் ஒரு கோணல் கோடு.
இன்னும் பணம் கட்டாத ரசீது.

மறுநாள் இரவு ஆளே வந்திருந்தது,
பூனைக் கிண்ணத்தின் விளிம்பில்.
கட்டைவிரல் நீளம்.
ஊறிய பேரீச்சம்பழத்தின் நிறம்.
தண்ணீர் குடிக்க எழுந்தவள் நான், வெறுங்காலோடு.
மிதிக்கவில்லை.
மிதித்திருப்பேன் என்பது மட்டும்
விடியும்வரை உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

க்யூர்பீப்பில் ஜூலை மழையை
மழை என்று யாரும் சொல்வதில்லை.
பெய்யாத நாளுக்குத்தான் தனிப் பெயர் வேண்டும்.
மூன்று நாளாய்க் கொடியில் அதே துணி.
சீசாவில் உப்பு கட்டி தட்டிவிட்டது.
அலமாரிக்குள் என் கல்யாணச் செருப்பு
பச்சையாய்ப் பூத்திருக்கிறது.

உப்பு போடு என்றான் ரெங்கன்.
கரண்டிக் காம்பால் குத்தி உடைத்து
அவனே போட்டான்.
நுரைத்தது. மஞ்சளாய்ச் சுருண்டது.
கத்துவதற்கு அதற்கு வாய் இல்லை என்பதை
இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.
நாள் முழுக்கச் சந்தையில் மீன் வெட்டுகிறவன்,
அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தான்.

சாஸரில் பீர் வைத்தோம்.
பூனை குடித்தது.

அப்புறம்தான் இந்த மார்கரின் டப்பா.
அப்பளம் திருப்பும் இடுக்கியை
அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன்.
பதினொரு மணிக்கு டார்ச்சோடு கிளம்புவேன்:
தொட்டியடி, கதவிடுக்கு, காஸ் அடுப்பின் பின்புறம்.
ஏழு. நான்கு. பதினொன்று.
நாள்காட்டியில் தேதிக்குக் கீழே குறித்துவைத்தேன்,
வேறு எதையோ எண்ணிக் குறித்த
அதே கட்டங்களில்.

தமிழில் இதற்குச் சொந்தமாய் ஒரு பெயர் கிடையாது.
ஓடில்லா நத்தை என்கிறோம்.
இருக்கிற உடம்பை விட்டுவிட்டு
இல்லாத ஓட்டைச் சொல்லி.
வழி கேட்கிறவர்களுக்கு
பிள்ளையில்லாதவள் வீடு, அதற்கடுத்த சந்து என்று
கடைக்காரர் கை காட்டுவாரே,
அந்த மாதிரி.

டப்பா நிறைந்ததும் கொல்லைக்குப் போய்
சுவருக்கு மேலே ஒரு வீச்சு.
அந்தப் பக்கம் மதாம் ஜோசியானின் சூசூப் பந்தல்.
அவள் கூரைத் தண்ணீர் எங்கள் முற்றத்தில் விழுகிறது.
ஐந்து வருடமாய்ப் பேச்சு இல்லை.
வீசும் கைக்கு, பொய் சொல்லமாட்டேன்,
கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாலருகே வெட்டுப்பட்ட தழும்போடு ஒன்று.
செவ்வாய்க்கிழமை வீசினேன்.
வியாழக்கிழமை தொட்டியடியில் இருந்தது.
மறுபடி வீசினேன்.
சனிக்கிழமை மறுபடி.
இத்தனை உயரச் சுவரை
இவ்வளவு மெதுவான ஒன்று
எப்படி இவ்வளவு சீக்கிரம்?

ஞாயிறு இரவு
டப்பாவைத் தூக்கி நின்றேன்.
என் தோளில் சில்லென்று ஏதோ விழுந்தது.
காலடியில் இன்னொன்று, பொத்தென்று.
டார்ச்சை உயர்த்தினேன்.
எதிரே இன்னொரு டார்ச்.
ஸ்டூல் மேல் ஏறி, மழைக்கோட்டில்,
தலைமுடிச் சுருளைகூடக் கழற்றாமல்
மதாம் ஜோசியான்.
கையில் மார்கரின் டப்பா.
அதே மார்கரின்.

மழை இருவர் டப்பாவிலும் விழுந்தது.
நீண்ட நேரம் கழித்து
கொம்யே? என்றாள்.
நெஃப், என்றேன்.
தன் டப்பாவுக்குள் வெளிச்சம் அடித்து எண்ணினாள்.
அவளிடம் ஆறு மிச்சம்.
பிறகு என் தோளைக் காட்டி
வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஸ்டூல் ஆடியது.

இப்போதெல்லாம் ஒரே குடையில் போகிறோம்,
தெருக்கோடியில் யாரும் வாங்காத நிலம்வரை.
அவள் கவிழ்ப்பாள், நான் தட்டுவேன்.
தழும்புக்காரனை மட்டும்
புல்லின் மேல் தனியாய் இறக்கிவிடுவோம்.
அது எப்படியும் திரும்பிவிடும் என்கிறாள்.

கூரைத் தண்ணீரைப் பற்றி
இன்னும் நாங்கள் பேசவில்லை.
அது பாட்டுக்கு எங்கள் பக்கம்தான் விழுகிறது.