குளியல் குண்டு

உக்கடத்தில் ஏறி வேலந்தாவளத்தில் இறங்குவதற்குள்
மூன்று முறை பையைத் திறந்து பார்த்துவிட்டேன்.
உடையவில்லை.
ஆரஞ்சுப் பழ அளவு, ரோஜா நிறம்.
ஹாஸ்டலில் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றியதில்
ஜெனிட்டா எனக்குத் தந்தது.
செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ‘எந்தா இது’ என்றார்.
குண்டு சார்.
குளிக்கிற குண்டு.
முகர்ந்து பார்த்தார். திரும்பவும் முகர்ந்தார்.
போகச் சொன்னார்.

அட்டையில் செய்முறை இருந்தது:
தொட்டியை வெதுவெதுப்பான நீரால் நிரப்பவும்.
சாய்ந்துகொள்ளவும்.
இருபது நிமிடம் எதையும் நினைக்க வேண்டாம்.

எங்கள் குளியலறைக்கு மூன்று பக்கம் கீற்றுத் தடுப்பு,
நாலாவது பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர்.
போன தேர்தலில் தோற்றவர்
கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார்.
முகம் ரோட்டைப் பார்க்கும்படி
அவரைத் திருப்பிக் கட்டியது அம்மா.
எங்கள் வீட்டில் அரசியல் விழிப்பு
முதலில் வந்தது அவளுக்குத்தான்.

ஆழியாற்றுத் தண்ணீரை
இரண்டு மாநிலமும் டி.எம்.சி.யில் எண்ணுகின்றன.
நாங்கள் குடத்தில் எண்ணுகிறோம்.
ஆளுக்கு இரண்டு.
லாரி மேலத் தெருவில் ஆரம்பித்து
காலனிக்கு வந்து சேரும்போது
குழாயில் மூச்சு மட்டும் வரும் சில நாள்.

கோயமுத்தூரில் நான் கேரளாக்காரி.
பாலக்காட்டில் பாண்டி.
‘உள்ளடக்குதல்’ என்று
பலகையில் எழுதினார் பேராசிரியர், விளக்கம் கேட்டார்.
உள்ளே விட்டு, அப்புறம் அடக்குவது என்றேன்.
வகுப்பு சிரித்தது.
நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

வில்லேஜ் ஆபீஸில்
சாதிச் சான்றிதழுக்குப் போய் நிற்பது இது நாலாவது வருஷம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே
நாங்கள் இங்கே இருந்ததற்கு
ரேக வேண்டும் என்றார்கள்.
அப்பாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும்,
ரேக என்றால் ஆவணம் என்பதும் தெரியும்.
தெரிந்தேதான்
இரண்டு உள்ளங்கையையும் விரித்து
மேஜை மேல் வைத்தார்.

வேட்பாளர் வந்தார்.
அம்மா சொம்பு நீட்டினாள்.
தாகமில்லை என்றார் மூடி திறந்த பாட்டிலோடு.
நான் பாட்டிலைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
எனக்கு அதுதான் முதல் தேர்தல்.

ஓட்டுப் போட்ட அன்று சாயங்காலம்
இரண்டு நாள் குளிக்காமல் சேர்த்த தண்ணீர்
ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய இருந்தது.
அவ்வளவு பெரிய குண்டுக்கு அது போதாது.
அம்மிக் குழவியால் ஒரு தட்டு.
சுவரைத் தாண்டிப் போய்விட்டது வாசம்.
சுவர் என்று பழக்கத்தில் சொல்கிறேன், கீற்றுதான்.

முதலில் வந்தது அபினேஷ், டவுசர் இல்லாமல்.
பின்னால் நிவேதிகா,
அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.
பொரிப்பொரியாய் நுரைத்து வாளி சீறுவதைப் பார்த்து
‘அக்கா, இது எந்தக் கட்சி குண்டு?’
என்று கேட்டான் அபினேஷ்.
பதில் வரவில்லை எனக்கு.
தலைக்கு ஒரு மக் ஊற்றினேன்.
ஏழு தலை.
என் முறை வந்தபோது அடியில் நாலு விரல் ஆழம்,
செம்மண் கலந்த ரோஜா.
அதில் குந்தி உட்கார்ந்து
இருபது நிமிடமும் எதை எதையோ நினைத்தேன்.
ஜெனிட்டா வீட்டில் தொட்டி இருக்குமா,
பெட்டிக்குள் எங்கள் வார்டு என்ன எடை இருக்கும்,
விரல் மை இன்னும் எத்தனை நாள்.
தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.
பேனருக்கு அடியில் நுரை ஒழுகி ரோட்டுக்குப் போனது,
வணங்கியபடி நின்றவரின் காலுக்குக் கீழே.

மிஞ்சிய துண்டை அம்மா
துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் போட்டாள்,
பூச்சி அரிக்காதிருக்க,
தாத்தாவின் கூலிச் சீட்டு, பழைய ரேஷன் அட்டை,
எங்கள் எல்லா ரேகைகளுக்கும் நடுவில்.

திங்கட்கிழமை அந்தக் கட்டை நீட்டினோம்.
அதிகாரி முகர்ந்து பார்த்தார்.
திரும்பவும் முகர்ந்தார்.
அடுத்த வாரம் வரச் சொன்னார்.