ஆயிரத்து நூற்று நாற்பது அடி

வெள்ளகோவில் மில்லில் எனக்கு
இருட்டறையில் வேலை.
கோன் கோனாக நூல் வரும்.
ஊதா விளக்கின் கீழே எல்லாம் ஒரே நீலம்.
ஒன்று மட்டும் பழுப்பாகத் தெரிந்தால்
வேறு பஞ்சு கலந்திருக்கிறது,
எடுத்துப் போட வேண்டும்.
வெயிலில் பார்த்தால் அதுவும் வெள்ளைதான்.
பகலுக்கு அவ்வளவு கண் கிடையாது.

பக்கத்தில் மினாதி, ஒடிசாக்காரி.
சிரித்தால் பல் மட்டும் சிரிக்கும்.
"அக்கா, முந்தானையில நெலா" என்பாள்.
சோப்புத்தூள்தான்.
நான் சொல்லவில்லை.

கொறங்காட்டின் வடமூலையில்
பங்குனியில் போர் போட்டோம்,
உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில்.
முந்நூறில் ஈரமண் என்றார்கள்.
ஐந்நூறில், பாறை நிறம் மாறுதுங்க.
எண்ணூறில் சென்னியப்பன்
என் கழுத்தைப் பார்த்தார்.
ஆயிரத்து நூற்று நாற்பதில்
வண்டிக்காரன் மெஷினை நிறுத்திவிட்டு
டீ கேட்டான்.

வந்ததெல்லாம் புழுதி.
கிளுவை வேலி, மாட்டு முதுகு,
காயப்போட்ட வேட்டி, எங்கள் இமை,
எல்லாம் ஒரே சாம்பல்.
மிச்சம் குழியோரம் குவிந்து கிடக்கிறது.
அவர் அந்தப் பக்கம் போவதில்லை.
மாட்டை ஓட்டினாலும் சுற்றித்தான்.

மில்லில் ஒரு ஊதா டார்ச்சைக் கழித்துப் போட்டார்கள்,
கண்ணாடியில் கீறல்.
தேளுக்கு ஆகுமுங்க என்று
சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன்.
அமாவாசைக்கு முந்தின ராத்திரி, எனக்கு லீவு.
சத்தியமாகத் தேள் தேடித்தான் போனேன்.
வேலிக்கல் அடியில் ஒன்று இருந்தது
பச்சையாக, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு,
தன் வெளிச்சம் தனக்குத் தெரியாமல்.
அது ஓடின பக்கம் டார்ச்சைத் திருப்பினேன்.

குவியல் எரிந்தது.

எரிந்தது என்றால் தீயில்லை.
சூடில்லை, சத்தமில்லை.
ஊதாமலே கனிந்த கங்கு மாதிரி
ஆரஞ்சு, உச்சிவரைக்கும் ஆரஞ்சு.
நடுவில் ஒரு கைப்பிடி ரத்தச் சிவப்பு.
அங்கங்கே மஞ்சளாக, கம்பு இறைந்த மாதிரி.

கடைசியாக வந்தது மேலே கிடந்தது.
அதுதான் தாலிக்கொடி.
அதற்குக் கீழே சொசைட்டி லோன்.
அடியில், மங்கலாக,
என் பி.எஃப். பணம்.
கடன் வாங்கின வரிசை மாறாமல்
அடுக்கி வைத்திருந்தது மண்.
தண்ணீர் வந்திருந்தால்
இதைக் கழுவிக்கொண்டல்லவா போயிருக்கும்.

ஒரு கல்லை எடுத்துக்கொண்டு டார்ச்சை அணைத்தேன்.
அணைத்த பிறகும்
ஒரு மூச்சு, ஒன்றரை மூச்சு
விட மனசில்லாமல் வைத்திருந்தது.
அப்புறம் வெறும் கல்.

காங்கயத்தில் யாசீன் பாய்
ஆணியால் கீறிப் பார்த்தார்.
கோட்டில் மாவு உதிர்ந்தது.
"சுண்ணாம்புக் கல்லும்மா.
வெளக்குல எல்லாமே அழகுதான்.
வெயில்லயில்ல வெலை போகோணும்."
சிவப்பைக் கொண்டுபோகவில்லை நான்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

திரும்பும்போது பஸ் சன்னலில் சிவன்மலை.
யார் கனவிலோ ஆண்டவன் சொல்கிற பொருளை
உத்தரவுப் பெட்டியில் வைப்பார்கள்.
இந்தக் கல்லை யாருக்குச் சொல்வான்?
பகலில் தூங்குகிறவளுக்குக்
கனவே வருவதில்லை.

ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை.
ஆறாம் நாள் ராத்திரி
"ஏனுங்க, தேளு" என்று கூப்பிட்டேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.
குவியலுக்கு முன்னால் அவர் வேட்டிதான் ஒளிர்ந்தது,
நீலமாக, கோன் நூல் மாதிரி.
"எங்க?" என்றார்.
காட்டினேன்.

வெகுநேரம் நின்றார்.
வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஒருமுறை செருமியது.
செருப்பைக் கீழே போட்டுவிட்டு
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
அந்தச் சிவப்பைத் தொட்டு,

"இது எத்தனாவது அடீல வந்துச்சு?" என்றார்.