பட்டியலில் இல்லாத கொடி

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
ட்ரில் மெஷினோடு வந்து
ஆறு திருகாணிகளைக் கழற்றி
சுவரில் நின்ற மரச்சட்டத்தை
வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.
அவர் வாங்கிய மரம், அவர் அடித்த சட்டம்.
வழக்கறிஞரின் பட்டியலில் பதினேழாவது வரி.

நாலாவது வரியில் கொடி என்று ஒன்று இருந்தது.
அது பதினொரு பவுண், வங்கிப் பெட்டகத்தில்.
வழக்கறிஞர் அதைச் சங்கிலி என்று
எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

மற்றக் கொடி புல்மேல் கிடந்தது.
இலை கொட்டிய கிளெமாட்டிஸ்,
முடிச்சவிழ்ந்த சணல் மாதிரி.
உறக்கமா சாவா என்று
பார்த்துச் சொல்ல முடியாத மாதம்.
ஆரே ஆற்றுப் பனிமூட்டம் வேறு
ஓல்டன் முழுவதையும் மூடி
பதினோரு நாள் விலகவில்லை.

ரொறன்ரோவிலிருந்து சுகிர்தா மச்சாள் எடுத்தாள்.
"கொழுகொம்பில்லாத கொடி மாதிரி நிக்கிறியேடி!"
நிற்கவில்லை மச்சாள், கிடக்கிறது என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்,
ஆகவே என் கண்ணைப் பற்றி
யாருக்கும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பெப்ரவரிக் கடைசியில் வெட்ட வேண்டும்,
முழங்கால் உயரத்துக்கு,
இரண்டு மொட்டு எதிரெதிரே தடித்திருக்கும் கணுவுக்கு
ஒரு விரல் மேலே.
லான்டிக் கடைப் பெடியன் சொன்னது.
பதினாலு பிராங் தொண்ணூறுக்குச்
செடியோடு சேர்த்து இன்னொன்றும் தந்தான்:
இதற்குக் காலில் நிழல் வேண்டும், தலையில் வெயில்.
எனக்கு எட்டு வருடமாய்த் தலையிலும் நிழல்தான்.
இரவெல்லாம் ஹேர்க்கிங்கனில்
குழல்விளக்கின் கீழ்ப் பொதி பிரித்து
பகலெல்லாம் திரைச்சீலை இழுத்து மூடிப் படுப்பவள்.

வெட்டினேன்.
காய்ந்த தண்டுக்குள்
நூலளவு பச்சை.

ஏப்ரலில் எழும்பியது.
இதற்குப் பற்றுச்சுருள் கிடையாது,
இலைக்காம்புதான் கை.
பென்சில் பருமனுக்கு மேல் எதையும்
வளைத்துப் பிடிக்கத் தெரியாது.
மழைநீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தது, விட்டது.
பிறகு ஒரு கறுப்பு வயரைக் கண்டுபிடித்தது.
டிஷ் அன்டெனாவிலிருந்து தொங்குகிற வயர்.
அந்த டிஷ்ஷை அவர் கேட்கவில்லை;
எல்லாம் இப்போது ஃபோனில் வருகிறதாம்.

மே நடுப்பகுதியில் ஒரு பின்னேரம்
சீரியலில் மாமியார் கையை ஓங்கினாள்.
ஓங்கிய கை
சதுரம் சதுரமாய் உடைந்து
அப்படியே நின்றது.
வெளியே போய்ப் பார்த்தேன்.
கிண்ணத்தின் விளிம்பில் மூன்று இலைகள்,
நடுக்கம்பியில் ஒரு காம்பு, இரண்டு சுற்று.
கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது.
அறை விழுந்ததா இல்லையா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுப் பராமரிப்பாளர் வூத்ரிஹ்
ஜூனில் புல் வெட்ட வந்தார்.
டிஷ் வைக்க விதியில் இடமில்லை என்று
முன்பு மூன்று கடிதம் அனுப்பியவர்.
நிமிர்ந்து பார்த்தார், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார்.
கத்தரிப்பூ நிறத்தில் இருபது, இருபத்தைந்து பூ,
ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்,
தட்டு முழுக்க.
டிஷ்ஷைக் கழற்றவா என்று கேட்டேன்.
"எந்த டிஷ்?" என்றார்.
மெஷினை ஸ்டார்ட் பண்ணினார்.

இன்று காலை ஆறரைக்கு
வேலை முடிந்து வந்து
சீருடைச் சட்டையைத் துவைத்துக் கொண்டுபோனால்
உடுப்புக் கொடியில்
அது ஒரு சுற்றுப் போட்டிருக்கிறது.
நேற்று இல்லை.
இலைக்காம்பு இன்னும் ஈரம்,
பிடி இறுகவில்லை,
இப்போது எடுத்தால் நோகாமல் வந்துவிடும்.

சட்டையை இரண்டு சாண் தள்ளிப் போட்டேன்.
ஒரு கை நிழலில் விழுந்தது.
காய நேரம் எடுக்கும்.