திரும்பி வருவதற்கான ஆதாரம்

ஏழு வருடச் சீட்டு.
நாலு பேர், மாதம் மூவாயிரம்.
டில்லிபாபுவின் அக்காதான் கணக்கு.
வியாசர்பாடி மைதானத்தில் ஒரு ஞாயிறு மழையில்
கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு முடிவு செய்தது:
பந்து எங்கே போகிறதோ அங்கே போவோம்,
ஜெர்மனியை வண்டியிலேயே சுற்றுவோம்.

மூன்று பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.
எனக்கு ஒரு தாள் வந்தது.
திரும்பி வருவீர்கள் என்பதற்குப்
போதிய ஆதாரம் இல்லையாம்.

நான் தண்ணி லாரி ஓட்டுகிறவன் சார்.
கீழ்ப்பாக்கத்தில் நிரப்பி
ஓட்டேரியில், அயனாவரத்தில், சூளைமேட்டில் கொட்டிவிட்டு
ராத்திரிக்கு ஆறு தடவை
அதே குழாயடிக்குத் திரும்பி வருகிறவன்.
கேட்டிருந்தால் டிரிப் ஷீட்டைக் காட்டியிருப்பேன்.

அவர்கள் எடுத்தது நீல வேன், வாடகைக்கு.
ஸ்டீரிங் இடது பக்கம்.
திரும்பும்போதெல்லாம் ஹாரூன் கையை மாற்றிப் போட
வெயிலில் வைப்பர் ஆடுகிறதாம்.
எர்னஸ்ட் குரல் அனுப்புவான்:
"ரோட்ல ஒரு பள்ளம் இல்ல மச்சான்,
தூக்கமே வரல."
டில்லி அனுப்புவான்:
"ஒண்ணுக்குப் போக ஒரு யூரோடா,
தொண்ணூறு ரூபா.
அடக்கிக்கினே அடுத்த ஊருக்குப் போறோம்."

டிரிப் ஷீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு கிழித்தேன்.
அவர்கள் ஓடியது, நான் ஓடியது.
அவர்கள் முனிச்சிலிருந்து ஸ்டுட்கார்ட் போன ராத்திரி
எனக்கு ஓட்டேரி நாலு நடை,
ஒரு கல்யாண மண்டபம்,
பெரம்பூரில் பஞ்சர்.
பதினோராம் நாள் கூட்டினேன்:
அவர்கள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது,
நான் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
பின்தங்கித்தான் இருந்தேன்.
ஆனால் என் வண்டியில் ஒன்பதாயிரம் லிட்டர் இருந்தது.

காலிறுதிக்கு இரண்டே டிக்கெட் கிடைத்தது.
சீட்டு எழுதிக் குலுக்கியதில் ஹாரூன் வெளியே.
எர்னஸ்ட் உள்ளே போனதும் கூப்பிட்டான்:
"கட் பண்ணாத. காதுல வெச்சிக்கோ."
இங்கே மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது.
கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு முன்னால்
லாரியை ஓரங்கட்டினேன்.

டீக்கடையில் சர்க்கரை டப்பாமேல் சாய்த்த ஒரு போன்,
அதைச் சுற்றிப் பதினைந்து தலை.
இரண்டு மீன்பாடிக்காரர்கள், டூட்டி முடியாத ஒரு கான்ஸ்டபிள்,
நாங்கள் ஆடிய மைதானத்தில் இப்போது ஆடுகிற பையன்கள்.
ஒரு காதில் அந்த ஊர்,
இன்னொன்றில் பால் கொதிக்கும் சத்தம்.

எண்பத்தெட்டாம் நிமிடம்
வலது காது வெடித்தது.
எர்னஸ்டின் கத்தல், யாரோ அழுகிற குரல்,
எனக்குத் தெரியாத பாஷையில் ஒரு முழு நகரம்.

சர்க்கரை டப்பாமேலோ
பந்து இன்னும் நடு மைதானத்தில்
யார் காலிலோ சும்மா உருண்டுகொண்டிருந்தது.

எட்டு நொடி இருக்கும்.
புளியந்தோப்பு முழுக்க அதை அறிந்தவன் நான் ஒருவன்.
சிவப்புச் சட்டை போட்ட பையன்
நகம் கடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தான்.
அவனுக்குக் கிடைக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.
கான்ஸ்டபிள் பீடியைப் பற்றவைத்தார்.
நான் முகத்தை,
நிரம்பிய டேங்கரை வேகத்தடையில் ஏற்றுவதுபோல,
மெல்ல, ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோனேன்.

அப்புறம் இங்கேயும் விழுந்தது கோல்.
பால் பொங்கி அடுப்பு அணைந்தது.
சிவப்புச் சட்டைப் பையன்
யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்தான்.
அவனிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
என்ன சொல்வது, ஒரு டீக்குக் காசு கொடுத்தேன்,
அவனுடையதுக்கும் சேர்த்து.

சூளைமேட்டில் இறங்கும்போது இரண்டே முக்கால்.
பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தன.
நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு அம்மா
ஹோஸ் பைப்பை என் கையிலிருந்து பிடுங்கினார்.
"ஒன்றரைக்கு வரேன்னு சொன்ன.
எங்கப்பா போய்த் தொலைஞ்ச?"

பாக்கெட்டில் போன் இன்னும் கட் ஆகவில்லை,
உள்ளே அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"தோ," என்றேன், "வந்துட்டேன்ல."