வாட்டம்

இரவு எட்டுக்குப் போனால் காலை ஏழுக்குத் திரும்புவேன்.
தேயிலை ஃபேக்டரி மாடியில்
பச்சை இலையை வாடப்போடுவது என் வேலை.
நீளத் தொட்டி, அடியில் வலை,
தொட்டிக் கடைசியில் ஆள் உயர விசிறி.
விடிய விடிய இலைக்குக் காற்று.

எனக்குப் பகலெல்லாம் தகரம்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நூற்றுப் பதினெட்டு படி,
ரெட் ஆக்சைடு பூசிய கூரை.
பங்குனியில் பதினோரு மணிக்கே
ஆணி ஆணியாகச் சத்தம் போடும்.
டக். டக்.
தகரம் விரியுது அண்ணே, என்பான் பக்கத்து அறை புவிராஜ்.
விரிய விரிய என் தூக்கம் சுருங்கியது.

ஃபேன் மாட்டலாம் என்றால் கொக்கி இல்லை.
இந்த ஊர்க் கொத்தனார் யாரும் வைத்ததில்லை.
அலமாரியில் தேங்காயெண்ணெய்
வெயிலைப் பார்க்காமலே ஓடுகிறது.

மேட்டுப்பாளையத்தில் கூரைக்கென்றே ஒரு வெள்ளை பெயிண்ட்.
"எங்களுக்குச் சரி. குளிர்ற ஊருக்கு எதுக்குங்க?"
சந்தேகத்தோடுதான் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.
இருபது லிட்டர் வாளிக்கு
அரை டிக்கெட் போட்டார் கண்டக்டர்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோட்.
திங்கள் மதியம் தகரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தேன்.
எடுக்கத் தோன்றவில்லை.
மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன்,
கதவு அதிர்ந்தது.

மேல்வீட்டு பெர்னதெத்.
கையில் ஊசி. ஊசியில் நூல் இல்லை.
"வந்து பாருங்க."

பதினாறு படி ஏறினேன்.
ஜன்னலோரம் தையல் மிஷின்,
ஜன்னலுக்கு நேர் கீழே என் கூரை.
நான் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய வெயில் மொத்தமும்
அவள் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தது.
ரவிக்கைத் துணி, கத்தரி, மாதா படம்,
எல்லாம் ஒரே வெளிச்சம்.
ஊசிக்காது எங்கே என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

கீழே சமவெளியில்
வெள்ளைக் கூரை வெயிலை வானத்திடம் கொடுத்துவிடும்.
மலையில்
ஒவ்வொரு கூரைக்கு மேலேயும்
யாருடைய ஜன்னலோ இருக்கிறது.

பழையபடி சிவப்படிக்க அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருவரும் நின்றோம்.
அப்புறம், யாரையோ திட்டுவதுபோல,
"சௌசௌ போட்டா என்ன" என்றாள்.

முளைவிட்ட காய் இரண்டு.
காலி பெயிண்ட் வாளியில் ஒன்று,
தடுப்புச் சுவரோரம் மண்ணில் ஒன்று.
கம்பி நான் கட்டினேன். தண்ணீர் அவள்,
துணி அலசியது போக மிச்சம்.
சித்திரையில் இரண்டு மழை. கொடி தாவியது.
வைகாசி முடிவதற்குள்
என் வெள்ளைக்கும் அவள் கண்ணுக்கும் நடுவே
கையகல இலைகள்.
இப்போது பச்சையாகத்தான் வெளிச்சம் விழுகிறதாம்,
வெள்ளைச் சட்டையில் வேறு நிறப் பொத்தானைத் தைத்துவிட்டு
என்னைக் கூப்பிட்டுத் திட்டினாள்.

உச்சிப்பொழுதில் இலைகள் கொஞ்சம் தொங்கும்.
என் தொழில், பார்த்ததும் தெரியும்:
இது விசிறியால் வரும் வாட்டம் இல்லை,
சாயங்காலம் நிமிரும் வாட்டம்.
அந்த இலைகளின் அடியில் கை நீட்டினால்
வேறொரு காற்று.
கூரையின் சரிவுக்கும்
கொத்தனார் பாஷையில் வாட்டம் என்றுதான் பெயர்.

குரங்குகள் மண்காலோடு கூரையில் நடக்கின்றன.
அந்தத் தடங்களின் அளவுக்கு வெயில் உள்ளே வரும்.
மழைக்குப் பாசி பிடிக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும்.
மார்கழிப் பனியில் கொடி கருகும்.
"அப்போ குளிருமே அண்ணே?"
குளிருக்குக் கம்பளி இருக்கிறதடா, புவிராஜ்.
வெயிலைப் போர்த்திக்கொள்ளவா முடியும்.

புரட்டாசியில் முதல் காய்கள்.
பை நிறையக் கொடுத்தாள், கூட்டுக்கு.
அலமாரியில் எண்ணெய் பாட்டிலின் அடியில்
ஒரு விரல் உயரம் வெள்ளை.
மழைக் குளிராகவும் இருக்கலாம்.
சாய்த்துப் பார்த்தேன், அசையவில்லை.

படுத்துக்கொண்டேன். மணி பன்னிரண்டரை.