நான்கு விரற்கடை

ஒஸ்த்ராவாவில், ஆறாவது மாடியில்,
எங்கள் பால்கனியில் இரண்டு பேர் நிற்கலாம்,
மரம் உள்ளே இருந்தால்.
வெளியே இருந்தால் ஒருவர்தான்.
அநேகமாக அது ஓதாகர்.

லார்ச் மரம். ஊசியிலைதான், ஆனாலும்
குளிர் வந்தால் மஞ்சளாகிக் கொட்டிவிடும்.
நகரத்துக்குப் பின்னால் சுரங்கக் கசடு
மலையாகக் கிடக்கிறதே,
உள்ளுக்குள் இன்னும் கனன்றுகொண்டு,
பனி தங்காத அந்தச் சரிவிலிருந்து
மதியச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுவந்தான்.
பதினோரு வருஷமாயிற்று.
உயரம், என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.

இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவன்.
நாற்பது டன் உருக்குக் குழம்பைத் தூக்கிப்போய்
சொட்டுச் சிந்தாமல் இறக்குகிறவன்
வீட்டுக்கு வந்து
ஈர்க்குச்சி கனத்தில் ஒரு கிளையைப் பிடித்தால்
மூச்சை அடக்கிக்கொள்வான்.

கம்பி, எரிந்துபோன மோட்டாரின் செம்பு.
சமையலறை அடுப்பிலேயே பழுக்கக் காய்ச்சுவான்.
என் சூப் இரண்டு நாள் கருகின மின்சாரமாய் மணக்கும்.
காய்ச்சின செம்பு சொன்னபடி வளையும், ஒருமுறை.
வளைந்தபின் இறுகிவிடும்.
மறுபடி வளைத்தால் முறைக்கும், இல்லை முறியும்.
நான் எதற்கோ கோபித்துக்கொண்டிருந்த ஓர் இரவில்
அவன்தான் இதைச் சொன்னான்.
கம்பியைப் பற்றித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் அவனை ஃபின்லாந்துக்கு அனுப்பினார்கள்,
புதுக் கிரேனில் கைபழக. மூன்று மாதம்.
கிளம்புகிற அன்றும் சுற்றிக்கொண்டிருந்தான்
அடிக்கிளை தொடங்கி உச்சி வரை, சாய்வாக.
தண்ணீர் ஊற்று. தொடாதே.

தொடவில்லை.
ஏப்ரலில் பச்சைக் குஞ்சங்கள்.
மே மாதம் முழுக்க மழை.
ஒரு காலை காபியோடு குனிந்தால்
பட்டை உப்பிக் கிடக்கிறது,
செம்பு உள்ளே.
கறிக்கடையில் நூல் இறுக்கிக் கட்டிய இறைச்சிபோல்.

எனக்குத் தெரியும் அது.
போன வருஷம் என் விரலிலிருந்து மோதிரத்தை
வெட்டித்தான் எடுத்தார்கள்.
வெட்டின பெண் கேட்டாள்,
இவ்வளவு நாள் வலிக்கவே இல்லையா?
மோதிரம் இறுகவில்லையே அம்மா,
விரல்தானே வளர்ந்தது,
அதுவும் தினம் கொஞ்சம்.

போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.
உருவாதே, என்றான். பிரிக்கவும் பிரிக்காதே. வெட்டு.
ஒவ்வொரு சுற்றாக வெட்டு.
அவசரப்படாதே, என்று சொல்லியிருக்க வேண்டும்,
பாதியில் கட்டாகிவிட்டது.

சமையல் மேடையில் மரம். இடுக்கி. மூக்குக்கண்ணாடி.
டிக்.
டிக்.
ஐந்து மணி நேரம்.
ஊறுகாய் ஜாடியில் விழுந்தன துண்டுகள்
கமா கமாவாக,
யாரோ நீளமாகப் பேசி
வார்த்தைகளை மட்டும் எடுத்துப்போன மாதிரி.

வடு விழுந்த கிளைகள் எல்லாம்
வளைத்த இடத்திலேயே நின்றன.
அவிழ்த்தது தெரியாதவைபோல.
இடப்பக்கம், நடுவில், ஒன்று மட்டும்
வாரத்துக்குக் கொஞ்சம் எழுந்தது
டிராமை நிறுத்தக் கை நீட்டுகிறவர்போல.
போனில் அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஜூனில் வந்தான். ஷூவைக் கழற்றாமல் பால்கனிக்குப் போனான்.
வடுக்களின் மேல் கட்டைவிரலை ஓட்டினான்,
சுற்றிச் சுற்றி, மேல்வரை.
ஏழு வருஷம், என்றான்.
ஏழு வருஷத்தில் மறையுமா, இல்லை
ஏழு வருஷம் வீணா,
கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டான்.

நவம்பரில் ஊசிகள் கொட்டின.
அடுப்பில் மறுபடி செம்பு, சூப்பில் மறுபடி மின்சாரம்.
காலையில் பார்த்தேன்,
எல்லாக் கிளையிலும் புதுக் கம்பி,
பழைய வடுவுக்குக் குறுக்கே, தள்ளி, பார்த்துப் பார்த்து.
அந்த ஒன்றில் மட்டும் இல்லை.

மறந்திருப்பானோ? ஓதாகரா?
கம்பி தீர்ந்திருக்கும் என்று பெட்டியைத் திறந்தேன்.
பாதிக்கு மேல் இருந்தது.

இன்று அவன் வேலைக்குப் போனபின்
கையை வைத்து அளந்தேன்.
கைப்பிடிக் கம்பியை அது எட்ட
இன்னும் நான்கு விரற்கடை,
பள்ளம் விழுந்த விரலையும் சேர்த்து.