இடப்பக்கம் கொஞ்சம் கூட

ஒன்பது துண்டு, இருபத்தேழு நிமிடம்.
எங்கட முதல் அல்பம். பெயர் 'உமி'.
அரிசி எங்கேயோ போய்விட்டிருந்தது,
நாங்கள் போன நேரம்
மில்லில் கிடந்தது அதுதான்.

ஒட்டுசுட்டான் வீதியில்
செபமாலை அண்ணையின் மில்.
பெரும்போக நெல் குத்தி ஓய்ந்த சித்திரை,
இரவு ஒன்பதுக்குப் பிறகு,
கரண்டுக் காசு எங்கட பொறுப்பு என்ற கதையோடு.
சுவருக்கு ஒன்றும் ஒட்டவில்லை.
விற்காத சாக்குகள் சத்தத்தைத் தின்றுவிட்டுச்
சும்மா இருந்தன.
முதல் இரவு பக்கத்துக் காணிக்காரர்
ஹலர் உடைஞ்சு போச்சோ என்று
ரோச்சோடு ஓடி வந்தார்.

கபிலராஜின் இரட்டை மிதி
பழைய லான்ட்மாஸ்டரின் கிளச்சுக் கம்பியில்
ஒட்டவைத்தது.
நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது அடி.
நாலாவது துண்டில் ஒரு தும்மல் இருக்கிறது,
உமித்தூசி. எடுக்கவில்லை.
அதற்குப் பிறகு வரும் இடைவெளியில்தான்
டிலக்சன் ஆறாம் கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி
கித்தார்க் கம்பியா கிணற்றுக் கயிறா என்று
தெரியாத ஆழத்துக்கு இறக்குகிறான்.

நிதர்சனா பகலில் கிழமைக்கடன் அறவிடுகிறவள்.
கறுப்பு ஸ்கூட்டி, நீலக் கோப்பு,
மாங்குளம் தொடங்கி முத்தையன்கட்டு மட்டும்
தகரப் படலை, தகரப் படலை.
பாட்டென்று அவள் எதுவும் எழுதவில்லை.
கோப்பின் பின்தாளில் குறித்ததை
அப்படியே கொண்டுவந்தாள்:
பிள்ளை, அடுத்த கிழமை.
மாடு கண்டு போடட்டும்.
அவர் கட்டாரில இருந்து அனுப்பினவுடன.
இண்டைக்கு நான் வீட்டில இல்லையெண்டு எழுதும்.
கடைசி வரியை மட்டும்
அடிவயிற்றில் இருந்து, பல்லைக் கடித்து
ஒரே மூச்சில் பதினேழு தடவை.
பதினெட்டாவதுக்கு மூச்சில்லை.
அந்த இல்லாததையும் விட்டிருக்கிறோம்.

சிவில் உடுப்பில் ஒருவர் வந்தார்.
என்ன நடக்குது, அனுமதி இருக்கா,
இதில என்ன சொல்லுகினம்.
தலைக்கவசம் கழற்றாமல் பத்து நிமிடம் கேட்டார்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
தாளைக் கேட்டார், கொடுத்தோம்.
எழுத்துக் கூட்டி வாசித்து
"ஆர் வீட்டில இல்லை?" என்றார்.
எங்கள் நாலு பேரில்
ஒருவருக்கும் மறுமொழி வரவில்லை.
தாளைப் படமெடுத்துக்கொண்டு போனார்.

கலந்தது நான்.
இடது காது பத்து வயதிலேயே போய்விட்டது.
எப்படி என்று
இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.
ஹெட்போனைப் போட்டால்
வலதில் டிலக்சன், வலதில் கபிலராஜ்,
இடதில் பூட்டிய கடை.
ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன்.
சிவப்பு எரிந்தது.
சத்தமாக ஒன்றும் வரவில்லை.
தாடை எலும்பில், கடைவாய்ப்பல்லின் அடியில்,
யாரோ தூரத்து வயலில்
இறைப்பு மெசின் இழுத்துவிட்டதுபோல்
ஒன்று ஓடத் தொடங்கியது.
அந்த இடத்தில் நிறுத்தினேன்.

வெளிவந்த மூன்றாம் நாள் ஒஸ்லோவில் இருந்து
டிலக்சனின் மச்சான் எடுத்தார்.
எல்லாம் திறம், என்றார்,
இடப்பக்கம் கொஞ்சம் கூட.
ஆரடா கலந்தது, காது கேளாதவனோ?
சிரித்தார். ஸ்பீக்கரில் இருந்தது போன்.

நானும் சிரித்தேன்.
கபிலராஜ் சிரிக்கவில்லை,
முரசின் தோலில் இருந்த உமியை
ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
திருத்தவா என்று கேட்டேன்.
"கை வைச்சியோ, பார்."

அந்த நேரம் பார்த்து
கரண்டு பில்லோடு வாசலில் செபமாலை அண்ணை.
பதினோராயிரத்துச் சொச்சம்.
மூன்று பேரும் நிதர்சனாவைப் பார்த்தோம்.
அவள் நீலக் கோப்பை மெல்ல மூடி,
தொண்டையைச் செருமினாள்.